குருதியின் உப்புக் கணக்கு

தாம்பரம் சானடோரியம் என்னும் தொடர்வண்டி நிலையத்தின் பெயர், அருகிலுள்ள மருத்துவமனையால் அமைந்தது. மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டு காசநோயாளர்களுக்காக அதனை நிறுவினார். இன்று அஃது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. காசநோயை நுரையீரல் நோயாகவே பலரும் அறிவர். ஆயினும், அதன் கிருமி சில வேளைகளில் சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரீனல் சுரப்பிகளையும் தாக்கும். அவை சிதைந்தால் ஆல்டோஸ்டீரோன் என்னும் இயக்குநீர் குறையும். சோடியம் சிறுநீரில் மிகுதியாக வெளியேறும். பொட்டாசியம் குருதியில் தங்கிவிடும். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய் இதுவே. சோர்வு, மயக்கம், தோல் கருமை ஆகியன வெளியே தெரியும். உள்ளே குலைந்த உப்புச் சமநிலையைக் காட்டுவது மின்பகுளிச் சோதனையாகும்.

நீரில் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்தும் பொருள் மின்பகுளி எனப்படும். குருதியில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையிலும், பொட்டாசியம் ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரையிலும் இருப்பது இயல்பு. பொட்டாசியத்தின் எல்லை மிகக் குறுகியது. அது 6.5ஐக் கடந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

முற்காலத்தில் சுடரொளி அளவியால் இவ்வயனிகள் அளக்கப்பட்டன. வேதியியல் ஆய்வகத்தில் மாணவர் காணும் சோடியத்தின் மஞ்சள் சுடரும் பொட்டாசியத்தின் ஊதாச் சுடருமே அதற்கு அடிப்படை. இன்று அயனித்தேர்வு மின்முனைகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. பொட்டாசிய மின்முனையின் சவ்வில் வாலினோமைசின் என்னும் வளைய மூலக்கூறு உள்ளது. அவ்வளையத்துள் பொட்டாசிய அயனி கச்சிதமாகப் பொருந்தும். அதனினும் சிறிய சோடியம் பொருந்தாது. அதனால் எழும் மின்னழுத்தத்தைக் கருவி செறிவாக மாற்றிக் காட்டும்.

கருவி துல்லியமானது, ஆனால் அதற்குத் தரப்படும் குருதி அவ்வாறு இருத்தல் வேண்டுமே! சிவப்பணுவின் உள்ளே பொட்டாசியம், வெளியே உள்ளதைப்போல் பல மடங்கு செறிந்துள்ளது. குருதி எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் அது சீரத்தில் கலந்துவிடும். சுரப்பி சிதைந்தவரின் உயர்ந்த பொட்டாசியமும், குழாயில் உடைந்த அணுக்களின் பொட்டாசியமும் அறிக்கையில் ஒரே எண்ணாகவே தோன்றும். எனினும், வெளிர்மஞ்சளாக இருக்கவேண்டிய சீரம் செந்நிறம் பெறுவதால் ஆய்வாளர் அதனைக் கண்டறிவார். ஊதா மூடியிட்ட குழாயில் உள்ள உறைவுத் தடுப்பி ஒரு பொட்டாசிய உப்பாகும். அக்குழாய்க் குருதியைத் தவறுதலாக வேறு குழாயில் ஊற்றினால் பொட்டாசியம் உயர்வதோடு கால்சியமும் வீழும்; இவ்விரட்டை மாற்றமே தவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது பிழைக்கு அத்தகைய அடையாளம் இல்லை. சேலையூர், மேடவாக்கம் போன்ற புறநகர்களில் எடுக்கப்படும் குருதி, தொலைவிலுள்ள ஆய்வகத்திற்குச் செல்ல நேர்வதுண்டு. வெயிலுக்கு அஞ்சிச் சீரத்தைப் பிரிக்காமலேயே குளிர்பெட்டியில் வைத்தால், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் அணுச்சவ்வின் இயக்கம் தளரும். அணு உடையாமலே பொட்டாசியம் கசியும். சீரத்தின் நிறமும் மாறாது. வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் இழந்த ஒருவரின் குருதியில் இக்கசிவு நேர்ந்தால், குறைந்த அளவு இயல்பான அளவாகத் தோன்றும். அவருக்குத் தரவேண்டிய பொட்டாசியம் தரப்படாமலே போகலாம். இதனாலேயே குருதி எடுத்த நேரம் குழாயின் மீது எழுதப்படுகிறது. சீரமும் விரைந்து பிரிக்கப்படுகிறது.