கடல் நடுவே மருத்துவன் யார்?

மருத்துவம் நான்கு உறுப்புடையது என்பது திருவள்ளுவர் கொள்கை. நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அவை. நிலத்தில் வாழும் நமக்கு இந்நான்கும் ஒருங்கே கிடைத்தல் அரிதன்று. கரை காணாக் கடலிற் செல்லும் சரக்குக் கப்பலிலோ இரண்டாம் உறுப்பு இல்லை. நூறு பேருக்குக் குறையாதோரை ஏற்றி, மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணஞ் செய்யும் கப்பலிலேயே வைத்தியர் இருத்தல் வேண்டுமென 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதிக்கின்றது. இருபது, இருபத்தைந்து பேரே தொழில் செய்யும் சரக்குக் கப்பலை அவ்விதி கட்டுப்படுத்தாது. ஆகவே, ஆங்கு அருகிருந்து உதவுவோனே மருத்துவனுமாதல் வேண்டும்.

கரையிலுள்ள வைத்தியரை வானொலி வழியே கேட்டறியலாமே எனின், அதுவும் உண்டு. 1935இல் உரோமாபுரியில் நிறுவப்பட்ட சர்வதேச வானொலி மருத்துவ நிலையம் எந்நாட்டுக் கப்பலுக்கும் கட்டணமின்றி அறிவுரை கூறி வருகின்றது. எனினும், இருதயம் நின்றவனுக்கு அவ்வுரை வரும்வரை பொழுதில்லை. குருதியோட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பழுதுறத் தொடங்கும். அந்நிமிடங்களில் அவனுக்குத் துணையாவன பக்கத்தில் நிற்பவனுடைய இரு கைகளே.

அக்கைகள் செய்ய வேண்டுவது யாது? மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கைமேல் மறு கையை வைத்து, மார்பு 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை அமிழுமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். முப்பது அழுத்தங்களுக்கு இரு முறை மூச்சு ஊதுதல் வேண்டும். நீரில் மூழ்கியவனுக்கோ மூச்சூட்டலே முதற்கண் செய்யத்தக்கது. மூச்சின்மையாலேயே அவன் இருதயம் நின்றதாகலின். கேட்பதற்கு இஃது எளிது. அசையும் தளத்தின்மீது முழந்தாளிட்டுச் செய்தல் அத்துணை எளிதன்று.

கப்பலில் முதலுதவி கற்பவன் கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. அது, ஓடாது நிற்றல். மூடிக் கிடந்த தாங்கியினுள்ளும் நங்கூரச் சங்கிலி அறையினுள்ளும் இரும்பு துருவேறுங்கால் காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். உள்ளே சென்றவன் சோர்ந்து வீழ்வான். அதனைக் கண்ட தோழன் இரக்கத்தால் உந்தப்பட்டுக் குதிப்பான், அவனும் வீழ்வான். இவ்வாறு ஒருவனைக் காக்கப் புகுந்து பலர் மாண்ட துயரம் கடற்றொழிலில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது. முதலில் பிறரை அழைத்து, காற்றைச் சோதித்து, சுவாசக் கருவி அணிந்த பின்னரே உட்புகல் வேண்டும். அறிவோடு கூடாத அருள் உயிரைக் காவாது.

மாலுமிகளின் பயிற்சிக்கான சர்வதேச உடன்படிக்கை 1978இல் செய்யப்பட்டது. அதன் வழிவந்த விதிகளின்படி, உயிர்காப்புமுறை, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். 2010இல் மணிலாவில் அவ்விதிகள் திருத்தப்பட்டபோது, முன்னைய இரண்டிலும் தம் திறன் குன்றவில்லையென ஐந்தாண்டுக்கொருமுறை மாலுமிகள் காட்டல் வேண்டுமென வகுத்தனர். முதலுதவியை அவ்வரிசையிற் சேர்த்திலர். சில நாடுகள் தாமாகவே அதனை வேண்டினும், உலகப் பொதுவிதி அதனை வற்புறுத்தவில்லை.

இது பெருங்குறை என்பது எம் கருத்து. நிகண்டினை மனப்பாடஞ் செய்த மாணாக்கன் ஓராண்டு ஓதாதிருப்பின், அடியெடுத்துக் கொடுத்தாலும் திகைத்து நிற்பதை வகுப்பறையிற் பலகாற் கண்டுள்ளேம். நாவினாற் கற்றதற்கே இந்நிலையாயின், கையினாற் கற்றதற்குக் கூறவும் வேண்டுமோ? இருதயத்தை அழுத்தும் திறன் சில திங்களிலேயே தளரத் தொடங்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு.

திங்கள்தோறும் தீயணைப்புப் பயிற்சி கப்பல்களில் நடைபெறுகின்றது. அதனோடு கால்மணி நேரத்தைச் சேர்த்து, பயிற்சிப் பாவையொன்றின் மார்பை ஒவ்வொருவரும் அழுத்திப் பழகினால் வரும் இழப்பு யாது? சமையற்காரர் முதல் தலைவர் ஈறாக எவரையும் விலக்குதல் ஆகாது. வீழ்பவன் யாவன், அப்பொழுது அருகில் நிற்பவன் யாவன் என்பதை முன்னறிவார் எவருமிலர்.