கத்தாளை: முழங்கும் மீன்

நீலகிரியின் பிக்கட்டிச் சரிவில் பெய்யும் மழை குந்தா ஆற்றில் இறங்கி, பவானி வழியாகக் காவிரியில் கலந்து வங்கக்கடலை நோக்கிப் போகிறது. கத்தாளை மீன்களின் வீடு அந்தக் கடலோரம்தான். சேற்றுத்தரையும் கழிமுகமும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள்.

கத்தாளைக்குக் குரல் உண்டு. காற்றுப்பையை ஒட்டிய தசை வெகுவேகமாகச் சுருங்கி விரியும்போது, பை மேளத்தோல்போல் அதிர்கிறது. பல இனங்களில் இந்தத் தசை ஆண்களுக்கு மட்டுமே. இனப்பெருக்கக் காலத்தில் அவை கூட்டமாக முழங்குவதைப் படகிலிருந்தே கேட்கலாம். தலைக்குள் இருக்கும் பெரிய காதுக்கற்களில் மரத்தில் உள்ளதுபோல வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி வயதை அறிகிறார்கள்.

வெளித்தோற்றத்தில் இனங்களைப் பிரித்தறிவது கடினம். மீனியலாளர் எதல்வின் டிரவாவஸ் 1977இல் காற்றுப்பை, காதுக்கல் ஆகியவற்றின் வடிவத்தைப் பெரிதும் நம்பியே இந்திய, மேற்குப் பசிபிக் கடல் இனங்களை வகைப்படுத்தினார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இம்மீன்களை விவரித்த பிரான்சிஸ் டே நமக்கும் தொடர்புள்ளவர்: 1860களில் நீலகிரி நீர்நிலைகளுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றவர் அவர்.

முழக்கமே இவற்றுக்கு ஆபத்து. அதைக் கேட்டு இடத்தைக் கண்டறிந்தால், முட்டையிடத் திரளும் கூட்டம் முழுவதையும் ஒரே வலையில் அள்ளிவிட முடியும். பெரிய இனமான கூறலின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் மிக உயர்ந்த விலை கிடைப்பதால், முதிர்ந்த மீன்களையே தேடிப் பிடிக்கிறார்கள். இது மிகவும் கவலை தரும் வேட்டை. கூறலை 2023இல் குஜராத் தன் மாநில மீனாக அறிவித்தது. மீன்கள் பெருக இடம் தருவதற்காக, தமிழகத்தின் கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.