எல்லை தெளியாத உரிமை

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால், அது போய்ச் சேரும் இடம் கொல்கத்தா காப்புரிமை அலுவலகம். அங்கே மறுத்துவிட்டால் மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்ட பின் அதை விசாரிப்பது கல்கத்தா உயர் நீதிமன்றம். மறுப்புக்கு ஒரு காரணம் தெளிவின்மை: விண்ணப்பத்தின் உரிமைகோரல்கள் தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(5) பிரிவு சொல்கிறது. வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, எதுவரை ஒருவருக்குச் சொந்தம், எங்கிருந்து எல்லோருக்கும் பொது என்பதை உரிமைகோரல்தான் வரையறுக்கிறது.

அந்த மேல்முறையீட்டில் இருப்பது இரண்டே தரப்பு: விண்ணப்பதாரர், காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர். எல்லை அகன்றால் இடம் இழக்கப்போகிறவர்கள் அங்கே இல்லை. அவர்களுக்காகவும் கோரலைப் படிக்க வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்துடையது. நிக்கோபார் மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் நோனிப் பழத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சாற்றைத் 'தகுந்த வெப்பத்தில், போதுமான நேரம்' பதப்படுத்தும் முறை தனக்கே உரியது என்று ஒருவர் கோருகிறார் என்றால், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பிலும் விடை இல்லாவிட்டால், தீவில் பழச்சாறு காய்ச்சும் எவரையும் அந்த வாசகத்துக்குள் இழுக்கலாம். பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் கோரப்படுவது எது என்றே தெரியாதபோது, எதைப் பாரம்பரிய அறிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

மொழி எப்போதும் கொஞ்சம் நெகிழ்வானது, 'சுமார்' என்ற ஒரு சொல்லுக்காக ஒருவரின் பல ஆண்டு உழைப்பைத் தள்ளலாமா என்று கேட்பார்கள். தள்ளக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் நாட்டிலஸ் வழக்கில் முழுத் துல்லியத்தைக் கேட்கவில்லை; துறை அறிந்தவருக்கு எல்லை நியாயமான உறுதியோடு புரிந்தால் போதும் என்றது. நீதிபதி விஞ்ஞானி அல்லவே என்பது அடுத்த கேள்வி. எந்தச் சொல் ஏன் புரியவில்லை என்று கட்டுப்பாட்டாளர் எழுதியிருந்தால், விவரக்குறிப்பை அருகில் வைத்து நீதிமன்றமே படித்து முடிவு சொல்லலாம். காரணமே இல்லாமல் ஒற்றை வரியில் மறுத்திருந்தால் கட்டுப்பாட்டாளருக்கே திருப்பி அனுப்புவதுதான் முறை.

தவறாக வழங்கிவிட்டாலும் 64-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யலாமே என்ற வாதம்தான் வலுவானது. ஆனால் காப்புரிமை வழங்கிய பின் காப்புரிமை அலுவலகத்திலேயே கொடுக்கும் எதிர்ப்பு மனுவுக்கான காரணங்களில், கோரலின் எல்லை தெளிவில்லை என்பது தனியாக இடம்பெறவில்லை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியமும் 2015-இல், எதிர்ப்பு விசாரணையில் திருத்தத்தால் புதிதாக நுழைந்த தெளிவின்மையை மட்டுமே ஆராயலாம் என்று வரம்பு கட்டியது. ஆகவே கார் நிக்கோபாரில் இருப்பவர் உயர் நீதிமன்றம் வரை போய், வழக்கறிஞரும் நிபுணரும் வைத்து, கொடுத்து முடிந்த உரிமையை உடைக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவதைவிட, மேல்முறையீட்டிலேயே விண்ணப்பதாரரிடம் கோரலைக் குறுக்கி எழுதச் சொல்வது எளிது. அதை விரிக்க விடாத 59-ஆம் பிரிவு, குறுக்க இடம் தருகிறது.