போஞ்சிக் கொடியும் அரக்கர் படமும்: பிள்ளைகளுக்குக் காட்டலாமா?



“பாட்டி கதைப் படந்தானே, புள்ளைங்க பாத்துட்டுப் போகட்டும்” என்று நாம் சொல்வது வழக்கம். ஆனால் கதை சிறுவருக்கானது என்பதால் படமும் சிறுவருக்கானது ஆகிவிடாது. இதற்கு உதாரணமாக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் படம் ‘ஜாக் த ஜயன்ட் ஸ்லேயர்’. அரக்கனைக் கொன்ற ஜாக் என்று அர்த்தம். இயக்கியவர் பிரையன் சிங்கர். இங்கிலாந்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதைதான் இதற்கு அடிப்படை. ஏழைப் பையன் பசுவை விற்கப் போய், காசுக்குப் பதிலாக மந்திர விதைகளோடு வீடு திரும்புகிறான். அந்த விதை முளைத்து வானம் வரை கொடியாகிறது. மேலே ஓர் அரக்கன் இருக்கிறான்.

படத்தில் பசுவுக்குப் பதில் குதிரை. விதையில் தண்ணீர் பட்டதும் கொடி வீட்டையே தூக்கிக்கொண்டு மேலே போகிறது. உள்ளே இளவரசியும் அகப்பட்டுக்கொள்கிறாள். அவளை மீட்க ஜாக் ஏறுகிறான். அங்கே ஒரு அரக்கன் அல்ல, ஒரு பட்டாளமே இருக்கிறது. தலைவனுக்கு இரண்டு தலை!

பயப்படுத்தும் இடங்கள் எவை?

அரக்கர்கள் மனிதரைப் பிடித்துத் தின்கிறார்கள். ஒரு வீரனை மாவில் சுற்றி, பன்றிகளோடு சேர்த்துச் சுடப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு இது சிரிப்பு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். கடைசிச் சண்டை நீண்டது, சத்தமும் அதிகம். ஆபாசக் காட்சிகள் இல்லை.

அமெரிக்காவில் இப்படத்துக்கு ‘பீஜீ-13’ என்ற தரம் கொடுத்தார்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் இருக்கலாம், பெற்றோர் கவனம் என்பது இதன் கருத்து. இது தடையல்ல, எச்சரிக்கை. இந்தத் தரம் 1984இல் உண்டானது. அதற்குக் காரணமான படங்களில் ஒன்று, நமது கண்டிப் பகுதியில் படமாக்கப்பட்ட ‘இந்தியானா ஜோன்ஸ்’ இரண்டாம் படம். சிறுவர் பார்க்கும் படத்தில் இவ்வளவு கொடூரமா என்று பெற்றோர் குறைப்பட்டதால்தான் இப்படியொரு தரம் வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

லயக் காம்பராவில் டீவி இருப்பது ஒரே அறையில். பெரியவன் பார்த்தால் சின்னவளும் பார்க்கத்தான் செய்வாள். “நீ வெளிய போ” என்றால் எங்கே போவாள்? ஆகவே வீட்டிலுள்ள கடைசிப் பிள்ளையின் வயதைப் பார்த்தே படத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

1. முதலில் பெரியவர் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

2. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்படம் வேண்டாம் என்பதே நமது கருத்து. சின்னஞ்சிறுசுகளுக்கு நிஜம் எது, நடிப்பு எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சின்னதுகள் தூங்கிய பிறகு பெரிய பிள்ளைகளோடு பார்க்கலாம்.

3. பக்கத்தில் இருந்து பாருங்கள். அரக்கர்கள் கம்ப்யூட்டரில் செய்த உருவங்கள், அவர்களுக்குக் குரல் கொடுத்தவர்கள் சாதாரண நடிகர்கள் என்று விளக்குங்கள்.

4. பிள்ளை பயந்தால் கேலி செய்யாமல் படத்தை நிறுத்துங்கள். சாப்பிட மறுத்தால், “அந்த அரக்கனக் கூப்பிடவா?” என்று பிறகு ஒருபோதும் மிரட்டாதீர்கள்.

படத்தின் ஆரம்பத்தில் ஜாக்குக்கு அவன் அப்பாவும், இளவரசிக்கு அவள் அம்மாவும் இந்தக் கதையைப் படித்துச் சொல்கிறார்கள். அதை நாமும் செய்யலாம். தோட்டத்துப் போஞ்சிக் கொடியைக் காட்டியே கதை சொல்லலாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அரக்கனைப் பெரிதாக்கவும் சின்னதாக்கவும் நம்மால் முடியும். டீவியால் அது முடியாது.