கவலை, ஆட்டுக்கல், மேளம்

1932-33இல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து கோயமுத்தூருக்கு இறங்கியது. அதைக் கொண்டு முதலில் பெருகியவை பஞ்சாலைகள். பிறகு அது தோட்டத்துக் கிணற்றுக்கு வந்தது, அடுப்படிக்கு வந்தது, கோயிலுக்குள்ளும் நுழைந்தது. எங்கே போனாலும் மனிதர் கையில் இருந்த வேலையை வாங்கிக்கொண்டது. லாப நஷ்டக் கணக்கு மட்டும் இடத்துக்கு இடம் வேறாக வருகிறது.

கிணற்றில்

அன்று மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை. விடியுமுன்னே மாடு பூட்டுவார்கள். எருதுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் சேர்ந்து இழுக்கும். சால் மேலே வந்து, தோல் தும்பி வழியாகத் தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏற வேண்டும். மறுபடி இறங்க வேண்டும். வெயில் ஏறி மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். அந்த ஓய்வில் கிணறு ஊறிக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதை மாட்டின் உடம்பு முடிவு செய்த காலம் அது.

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். பம்ப்செட் பரவியது. ஒரு தலைமுறைக்குள் மோட்டார் இல்லாத வெள்ளாமையை நினைத்துப் பார்க்க முடியாமல் போயிற்று. மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1972இல் கோவைச் சாலைகளை மாட்டுவண்டிகளால் அடைத்தார்களே, கவலையிலிருந்து விடுபட்ட மாடுகள் மோட்டாருக்காகத் தெருவுக்கு வந்த போராட்டம் அது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது.

இன்று மோட்டாரைப் போட யாரும் இருட்டில் பாம்புக்குப் பயந்து டார்ச் பிடித்து நடக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்டரில் சிம் கார்டு இருக்கிறது; படுத்தபடியே போனில் போடலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரும் உண்டு. முழங்கால் வலிக்கும் கிழவருக்கு இது பெரிய உபகாரம். ஆனால் மாடு போட்டிருந்த வரம்பு போய்விட்டது. ஆயிரம் அடி தாண்டியும் போர் போடுகிறோம். பழைய கிணறுகளில் வேலிக்கருவை முளைத்திருக்கிறது. வற்றிய குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீரைக் கொண்டுவரும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024இல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரையும் மோட்டார்தான் மேடேற்றுகிறது.

அடுப்படியில்

இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. ஆட்டுக்கல்லை நினைத்து உருகுகிறவர்களில் பெரும்பாலோர் அதில் ஆட்டாதவர்கள். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். அதனால்தான் கம்பஞ்சோறும் களியும் அன்றாடச் சாப்பாடாக இருந்த வீடுகளில் இட்லி தீபாவளிக்கு வந்தது, விருந்தாளிக்கு வந்தது.

1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கினார். கல்லைக் கல்லாகவே வைத்துக்கொண்டு, சுற்றும் வேலையை மட்டும் மோட்டாரிடம் கொடுத்தார். குழவி நிற்க, ஆட்டுக்கல் சுற்றியது. கோவை கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. 2011இல் அரசே மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை வீடுகளுக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது. பண்டிகைப் பலகாரம் தினசரிச் சிற்றுண்டியானது. இன்னொரு பக்கமும் உண்டு: மிச்சமான நேரத்தில் பெண்கள் கால்நீட்டி உட்கார்ந்துவிடவில்லை. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த நேரம் காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போகிறது. ஆனாலும் அதற்குக் கூலி உண்டு, ஆட்டுக்கல்லுக்கு இருந்ததில்லை.

கோயிலில்

வழிபாட்டுக்கு இயந்திரமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். பழனியில் 2004இல் வந்த ரோப் கார், படியேற முடியாத எத்தனையோ பேருக்கு முருகனைக் காட்டியிருக்கிறது. அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகள் சொந்த ஊர்க் கும்பாபிஷேகத்தை யூடியூபில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். உண்டியலுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை நிற்பதும் தவறில்லை. எல்லை மீறியது செல்பி. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடைபோடச் சொன்னது.

எனக்கு உறுத்துவது சன்னதி ஓரத்து மின்சார மேளம். ஒரு முரசு, ஒரு மணி, ஒரு ஜோடி ஜால்ரா, ஒரு சின்ன மோட்டார். சுவிட்சைப் போட்டால் மூன்றும் சேர்ந்து இரையும். தவில்காரர் அர்ச்சகரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். அடுக்குத் தீபம் உயர்ந்தால் காலம் கூடும். கற்பூரம் இறங்கினால் முத்தாய்ப்பு வரும். சாமி புறப்பட மல்லாரி, வீதிக்கு வீதி வேறு ராகம், ஆலாபனைக்கு நின்று கேட்கும் கூட்டம் என்று ஒரு பெரிய கலை வளர்ந்ததே அந்த வாசிப்பில்தான். இயந்திரத்துக்கு ஒரே அடி. தீபம் அணைந்ததும் அதற்குத் தெரியாது; யாராவது போய் சுவிட்சை அணைக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருக்கும்.

கவலையும் ஆட்டுக்கல்லும் பாரம். தண்ணீரும் மாவும் கிடைத்தால் போதும், யார் கை செய்தது என்ற கேள்வி இல்லை. மேளம் அப்படியல்ல. ஒருவர் தன் மூச்சையும் கையையும் சாமிக்குக் கொடுப்பதுதான் அங்கே வழிபாடு. அந்த உழைப்பைக் குறைத்து நாம் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, கூலியைத் தவிர.

ஆள் கிடைக்கவில்லை என்பது கோயில் கமிட்டிகள் சொல்லும் காரணம். அரை வயிற்றுக்கும் காணாத சம்பளத்துக்கு யார் வருவார்கள்? கோபுரத்துக்கு சீரியல் விளக்கு, வாசலுக்கு கிரானைட் என்று செலவழிக்க முடிகிற ஊரால் வெள்ளிக்கிழமைக்கும் கிருத்திகைக்குமாவது ஒரு நாகஸ்வரம், ஒரு தவில் வைக்க முடியும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது இதை யாராவது எழுந்து கேட்க வேண்டும்.