வலிக்கும் முன்பே பார்க்க வேண்டிய இடுப்பு

பெருமூளை வாதத்துடன் பிறக்கும் குழந்தையின் இடுப்பு மூட்டு, பிறந்தபோது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மூளையில் நேர்ந்த பாதிப்பும் நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனாலும், வளர வளர அந்த மூட்டு நழுவத் தொடங்குகிறது.

தொடைகளை உள்ளே இழுக்கும் தசைகளும், இடுப்பை மடக்கும் தசைகளும் விறைத்துப்போவது ஒரு காரணம். நடக்காமல் இருப்பது இன்னொன்று. குழந்தை நின்று நடந்தால்தான் தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்தில் சரியாக அழுந்தி அதை ஆழமாக்கும். குழந்தை நிற்காமலும் நடக்காமலும் இருந்தால் கிண்ணம் ஆழமில்லாமல் நின்றுவிடுகிறது. பந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடுப்பு விலகியிருந்தது. தாராளமாக நடப்பவர்களிடம் இந்தச் சிக்கல் இல்லை. தலையைக்கூட நிலையாக நிறுத்த முடியாத குழந்தைகளிலோ, 90 சதவீதம் பேரிடம் இருந்தது.

தொடக்கத்தில் வலி தெரியாது என்பதுதான் ஆபத்து. கால்களை விரித்துச் சுத்தம் செய்வது கடினமாகி, உட்காரும்போது உடல் ஒருபக்கம் சாய்ந்து, வலியால் தூக்கம் கெடும்போதுதான் பல பெற்றோருக்குப் புரிகிறது. அதற்குள் பந்து உருக்குலைந்திருந்தால், மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது.

தெற்கு ஸ்வீடன் 1994இல் இதற்கு வழி கண்டது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் அனைவரையும் பதிவு செய்து, குறித்த இடைவெளியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். பந்தில் எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது என்று அளந்தார்கள். 33 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் கவனம். 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. சிறு வயதில் இறுகிய தசையைத் தளர்த்தினாலே சிலருக்குப் போதும். மற்றவர்களுக்கு எலும்பை வெட்டித் திருப்ப வேண்டியிருக்கும். முன்பு சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு மூட்டு முழுதாக நழுவியது. திட்டத்துக்குப் பின் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது.

இதற்குப் புது மருந்தோ விலை உயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை; தவறாமல் எடுத்த சாதாரண எக்ஸ்ரேயும் உரிய நேரத்தில் செய்த சிகிச்சையுமே போதுமானவையாக இருந்தன.

உங்கள் பிள்ளைக்குப் பெருமூளை வாதம் இருந்து, நடக்கச் சிரமப்பட்டால், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். எலும்பு வளர்ச்சி முடியும்வரை, பதின்ம வயதிலும், அந்தக் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.