சிறந்த ஆட்டத்துக்கு இருவர் வேண்டும்

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகள் ஆறு சேர்ந்து இணையத்தில் ஒரு குழுச் சதுரங்கப் போட்டி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ரத்தோட்டைப் பிள்ளைகளும் உக்குவளைப் பிள்ளைகளும் தத்தம் ஊரிலிருந்தே ஆடலாம். தம்புள்ளை அணி விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டியதில்லை. அணிக்கு நால்வர், எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை மோதுகிறது. மொத்தம் 60 ஆட்டங்கள். எந்த அணி முதலிடம் என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும். ஆனால் ‘சிறந்த ஆட்டம்’ என்று ஒரு பரிசையும் அறிவித்துவிட்டால், அந்த அறுபதில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பது யார், எப்படி?

இந்தப் பரிசுக்கு வயது அதிகம். 1876இல் நியூயோர்க்கில் ஜேம்ஸ் மேசனை வென்றதற்காக ஹென்றி பேர்ட் பெற்றதையே இவ்வகையில் முதலாவது என்பார்கள். அதைவிட நமக்குப் பயன்படும் உதாரணம் 1956இல், அதே ஊரில் நடந்தது. 13 வயதுப் பையன் பொபி ஃபிஷர், டொனல்ட் பேர்னுக்கு எதிராக 17ஆவது நகர்த்தலில் தன் ராணியை வெட்டக் கொடுத்து வென்றான். அந்தப் போட்டியின் பட்டியலில் அவன் முடித்த இடம் கீழ்ப்பாதியில். ஆனாலும் சிறந்த ஆட்டத்துக்கான பரிசு அவனுக்குத்தான். ஆகவே நடுவர் செய்யக்கூடாத முதல் காரியம், முதலிடம் பெற்ற அணியின் முதல் பலகையிலிருந்து தேடத் தொடங்குவது. கடைசி அணியின் நாலாம் பலகையிலும் அந்த ஆட்டம் ஒளிந்திருக்கலாம்.

இணையத்தில் இன்னொரு குறுக்குவழியும் கண்ணில் படும். ஆட்டம் முடிந்த கையோடு கணினி ஒவ்வொருவருக்கும் ஒரு ‘துல்லிய’ சதவீதம் போட்டுத் தரும். 97 எடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். அந்த எண் சொல்வது வேறு. ஆடியவரின் நகர்த்தல்கள் எஞ்சின் எனப்படும் சதுரங்க மென்பொருளின் தெரிவுக்கு எவ்வளவு நெருங்கி வந்தன என்பதே அதன் கணக்கு. எதிராளி பத்தாவது நகர்த்தலிலேயே ராணியைக் கோட்டைவிட்டால், பிறகு யார் ஆடினாலும் சதவீதம் உயரும். இருவரும் மனப்பாடமாகத் தெரிந்த வரிசையில் காய்களை வெட்டித் தள்ளிச் சமநிலையில் முடித்தாலும் உயரும். கடினமான நிலையில் மூச்சுமுட்டி ஆடியவருக்கோ குறையும்.

1999இல் வைக் ஆன் ஸீயில் டோப்பலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் ஆடியதைப் பாருங்கள். 24ஆவது நகர்த்தலில் ஒரு கோட்டையைத் தூக்கிக் கொடுத்தார். டோப்பலோவ் அதை எடுத்தார். அதன் பின் கறுப்பு ராஜா பலகை முழுதும் துரத்தப்பட்டு வெள்ளையின் முதல் வரிசைவரை ஓடியது. அந்தக் கோட்டையைத் தொடாமல் விட்டிருந்தால் கறுப்புக்கு ஆபத்தே இல்லை என்று எஞ்சின்கள் பிற்பாடு காட்டின. அதனால் அந்த ஆட்டத்தின் மதிப்பு குறைந்ததா? இன்றைக்கும் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆட்டங்களின் பட்டியலில் அதைத்தான் முன்னால் வைக்கிறார்கள். பிழையில்லாத ஆட்டமும் சிறந்த ஆட்டமும் ஒன்றல்ல.

என்னைக் கேட்டால் நடுவர் முதலில் பார்க்க வேண்டியது தோற்றவரை. அவர் எவ்வளவு தூரம் எதிர்த்து நின்றார்? வென்றவரின் திட்டத்தைத் தடுக்க என்னென்ன செய்தார்? தடுத்தும் அது பலித்தது என்றால்தான் வெற்றிக்குப் பெருமை. பேர்ன், தோல்வி தெரிந்த பின்னும் ஆட்டத்தைப் பாதியில் விடாமல், 41ஆவது நகர்த்தலில் மேட் விழும்வரை அந்தச் சிறுவனை ஆடவிட்டார். முழு ஆட்டமாக அது நமக்குக் கிடைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. காய்ப்பலி இருந்தால் மட்டுமே அழகு என்று நினைப்பதும் தவறு. ஒரு சிப்பாயின் முன்னிலையை முப்பது நகர்த்தல் பொறுமையாக வளர்த்து, இறுதிக் கட்டத்தில் வென்ற ஆட்டத்தைச் சிறுவர் போட்டிகளில் யாரும் கவனிப்பதில்லை. அது ராணியைப் பலிகொடுப்பதைவிடக் கடினம்.

இனி இணையத்துக்கே உரிய தொல்லைகள். மலைப்பக்கத்தில் மழை இறங்கினால் மின்சாரம் போகும், சிக்னலும் போகும். கடிகாரம் மட்டும் நிற்காது. பெரிய இடத்திலும் இதே கதைதான். 2020 இணையவழி ஒலிம்பியாட் காலிறுதியில், இந்தியாவின் நிஹால் சரினுடன் ஆடிக்கொண்டிருந்த ஆர்மேனியாவின் மார்டிரோஸ்யன் தொடர்பு அறுந்து தோற்றார். முறையீடு தள்ளுபடியானதும் ஆர்மேனியா விலகிக்கொண்டது. ரஷ்யாவுடனான இறுதியில், அதே நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும் இணையம் செயலிழந்ததால் நேரம் தீர்ந்து தோற்றதாகப் பதிவானது. கடைசியில் இரு நாடுகளுக்கும் தங்கம் கொடுத்தார்கள். புள்ளி விடயத்தில் ஏற்பாட்டாளர் என்ன முடிவெடுத்தாலும், சிறந்த ஆட்டத்துக்கான பரிசில் விதி எளிது: முடிவு பலகையில் பிறந்திருக்க வேண்டும். தொடர்பு அறுந்து முடிந்த ஆட்டத்தை ஒதுக்கிவிடலாம். கைபேசியில் விரல் தவறித் தப்பான கட்டத்தில் விழுந்த காயால் தீர்ந்த ஆட்டத்தையும்தான்.

அடுத்தது எஞ்சின் உதவியுடன் ஆடியிருப்பாரோ என்ற சந்தேகம். லிசெஸ் போன்ற தளங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த நேரம் பதிவாகிறது. வெளிப்படையான பதில்வெட்டுக்கும் ஆழமான பலிக்கும் ஒரே ஏழெட்டு வினாடி எடுத்திருந்தால் கேள்வி கேட்கலாம். அதை வைத்தே குற்றம் சாட்டக்கூடாது. பிள்ளையை ஆசிரியர் முன்னிலையில் கூப்பிட்டு, “இதை ஏன் ஆடினீங்க, மகன்? இவர் இப்படி வந்திருந்தா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். தானாக யோசித்தவர் தவறான வரிசையையாவது ஆர்வத்தோடு சொல்வார்.

குழுப்போட்டி என்பதால் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கலாம். மூன்று பலகைகள் முடிந்து அணி 1–2 எனப் பின்தங்கி நிற்கிறது. எதிராளி சமநிலை கேட்கிறார். மறுத்து ஆடி வெல்கிறார் நாலாமவர். அந்தத் துணிவுக்கு நான் கொஞ்சம் மதிப்புப் போடுவேன். சமமான இரண்டு ஆட்டங்களில் ஒன்றை முன்தள்ளும் அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். ஒவ்வொரு அணித் தலைவரும் வேறு அணிகளின் ஆட்டங்களில் இரண்டைப் பரிந்துரைக்கட்டும்; அறுபது பன்னிரண்டுக்குள் வந்துவிடும். பெயரையும் பாடசாலையையும் மறைத்து, பதிவை மட்டும் மூன்று நடுவர்களிடம் கொடுங்கள். அவர்கள் திரையை மூடிவிட்டு, மரப்பலகையில் காய்களை நகர்த்திப் பார்த்து, தனித்தனியே வரிசைப்படுத்தட்டும். பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வரும் ‘செஸ் இன்ஃபோர்மேட்டர்’ இதழும், கிராண்ட்மாஸ்டர்கள் பலர் தனித்தனியே தரும் வரிசையைக் கூட்டித்தான் தன் சிறந்த ஆட்டங்களைத் தெரிவு செய்தது. எஞ்சினை அதற்குப் பிறகு திறக்கலாம். முதலிடம் பெற்ற பலி ஒரே நகர்த்தலில் உடைந்துபோகும் வெறும் ஏமாற்று என்று அது காட்டினால் நடுவர்கள் மறுபடி கூடுவார்கள். கண்டுபிடிக்க அரைமணி நேரம் தேவைப்படும் மறுப்பு என்றால், பதினைந்து நிமிடக் கடிகாரத்தில் ஆடிய பிள்ளையின் பரிசு அப்படியே இருக்கட்டும்.